இடது கரையில் முடிந்த காடு

நடந்ததை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. பலாங்கொடைக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்தை ஒட்டி ஓர் ஒதுக்குக் காடு இருக்கிறது. அதற்குள்ளிருந்து ஓர் ஆறு இறங்கி வருகிறது. மேல் லயத்துப் பீலியில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளின் பொதுக் குழாயில், விழுவது அந்த ஆற்றுத் தண்ணீர்.
2. அந்த ஆற்றைத் தனியாகப் பாதுகாக்கப்பட்ட பிரதேசமாக அறிவிக்கச் சொல்லி லயத்து ஆட்கள் ஒரு மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். மொத்தம் முப்பத்தெட்டுக் கையெழுத்து.
3. அதே காலத்தில், மாவட்டத்தில் எந்தெந்த ஆறுகளுக்கு மேலதிகப் பாதுகாப்பு வேண்டும் என்று பார்த்துச் சொல்லும் வேலை நான் பணிபுரிந்த அலுவலகத்துக்குக் கிடைத்தது. எங்கள் ஆற்றுக்கான படிவத்தை நிரப்பியது நான்.
4. ‘ஏற்கெனவே பாதுகாப்பு உண்டா?’ என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்றும், ‘மேலதிகப் பாதுகாப்பு தேவையா?’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்றும் குறித்தேன்.
5. மனுவைக் கையில் வைத்திருந்த என் சித்தியிடமும் அதையே சொன்னேன். மனு அனுப்பப்படவில்லை.
6. அடுத்த வருடம் ஒரு சிறிய நீர்மின் நிலையத்துக்காக ஆற்றின் குறுக்கே அணை கட்டினார்கள். எந்தச் சட்டத்தையும் மீறாமல் கட்டினார்கள்.
7. அதற்கடுத்த வெயில் மாதங்களில் பீலி நின்றது.

இந்தப் பட்டியலில் ஒரு வரி குறைகிறது. அதை அதன் இடத்தில் சொல்கிறேன்.

சித்தி என்றால் அம்மாவின் தங்கை. கொழுந்து எடுப்பது அவருடைய வேலை. மேல் லயத்துத் தண்ணீர் டேங்கியைப் பார்த்துக்கொள்வது யாரும் கொடுக்காமல் அவரே எடுத்துக்கொண்ட வேலை. அருவிக்குக் கீழே உள்ள குளிப்புக் குழியிலிருந்து ஒரு கறுப்புக் குழாய் டேங்கிக்கு வரும். டேங்கியிலிருந்து பீலிக்கு. முன்னொரு காலத்தில் மூங்கிலாக இருந்ததால் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. எனக்குத் தெரிந்த நாளிலிருந்து அது இரண்டங்குலப் பைப்புதான். டேங்கி வால்வைத் திறக்கும் ஸ்பேனர் சித்தியின் இடுப்புப் பையில் வெற்றிலையோடு கிடக்கும். யார் எப்போது துணி துவைக்கலாம், யார் வீட்டில் விசேஷம் என்றால் எத்தனை குடம் கூடுதலாகப் பிடிக்கலாம் என்பதெல்லாம் அவர் வாய்ச்சொல். லயத்தில் அவரோடு சண்டை போடாதவர்கள் இல்லை. ஆனால் ஸ்பேனரைத் திருப்பித் தரச் சொன்னவர்களும் இல்லை.

ஒரு நாள் மூன்று பேர் முக்காலியும் அளவுகோலுமாக வந்து அருவியின் உயரத்தை அளந்துவிட்டுப் போனார்கள். மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த சித்தி அதைப் பார்த்தார். பக்கத்துத் தோட்டத்தில் அதேபோல் அளந்துவிட்டுப் போன இரண்டாம் வருடம் மினி ஹைட்ரோ மின் நிலையம் வந்ததும், அங்கே ஒரு மைல் நீளத்துக்கு ஆற்றில் பாறைதான் மிஞ்சியிருந்ததும் அவருக்குத் தெரியும். அன்றைக்கே மனு என்று முடிவு செய்துவிட்டார்.

மனுவைத் தட்டச்சுச் செய்தது பலாங்கொடை டவுனில் போட்டோ கொப்பிக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணன்; எல்லோருக்கும் அவர் ‘நானா’. நான் வார விடுமுறைக்கு இரத்தினபுரியிலிருந்து வந்து இறங்கிய சனிக்கிழமை, கடைக்குள் சித்தி உட்கார்ந்திருந்ததைப் பார்த்து உள்ளே போனேன். நானா கண்ணாடியை மூக்கு நுனியில் விட்டு, சிங்களத்தில் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டிக்கொண்டிருந்தார்.

“நானா, கொஞ்சம் சூடா எழுதுங்க. சும்மா கெஞ்சிக்கிட்டே இருக்காதீங்க” என்றார் சித்தி.

“சூடா எழுதினா குப்பைக்குப் போகும் தங்கச்சி. கெஞ்சி எழுதினா ஃபைலுக்குப் போகும். எது வேணும்?”

“ஃபைலுக்கே போகட்டும்.”

“அப்ப வாய மூடிட்டு இரிங்க.”

சித்தி என்னைப் பார்த்துச் சிரித்தார். “பாத்தியா, காசும் குடுத்து ஏச்சும் வாங்குறேன்.”

மனுவில் கேட்டிருந்தது இவ்வளவுதான். காட்டுக்குள் பிறக்கும் இடத்திலிருந்து எங்கள் லயத்துக்குக் கீழே பாலம் வரைக்கும் இந்த ஆற்றைச் சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாக அறிவிக்க வேண்டும். இந்தச் சொல்லை அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது நான்தான். அதற்கு முந்தைய விடுமுறையில், அப்படியொரு வகை இருக்கிறது என்று சோற்றுத் தட்டோடு பேசிக்கொண்டிருந்தபோது சொன்னேன். மறுவாரம் அது மனுவில் இருந்தது.

நான் தொழில்நுட்பக் கல்லூரியில் நில அளவையும் வரைபடமும் படித்தவள். இரத்தினபுரியில் ஒரு சிறிய ஆலோசனை நிறுவனத்தில் கணினியில் வரைபடம் தயாரிக்கும் வேலை. மொத்தம் ஐந்து பேர், ஒரு மின்விசிறி. ஆறுகளின் பட்டியல் வேலை வந்தபோது, மலைப் பக்கத்து ஆறுகளை என்னிடம் கொடுத்தார்கள். “அந்தப் பக்கம் உங்களுக்குத்தானே தெரியும்” என்று சேர் சொன்னார். சேர் என்றால் எங்கள் நிறுவனத்தை நடத்தியவர்; பொறுமையான மனிதர், சிங்களத்தில் மெதுவாகப் பேசுவார்.

வேலை தொடங்கிய முதல் நாள் அவர் எங்களுக்கு ஒரு விளக்கம் தந்தார். காட்டுக்குள் ஓடும் ஆறுகளுக்கு இன்னொரு பிரகடனம் கேட்பது சரியான யோசனை அல்ல என்பது அவர் கருத்து. காடு ஏற்கெனவே ஒரு திணைக்களத்தின் கையில் இருக்கிறது. அதே இடத்துக்கு இன்னொரு நிறுவனத்தின் பெயரையும் எழுதினால், நாளைக்கு ஏதாவது நடக்கும்போது அவர் இவரைக் காட்டுவார், இவர் அவரைக் காட்டுவார். ஒரு வீட்டுக்கு இரண்டு காவல்காரர்களைப் போட்டால் இரண்டு பேரும் தூங்கிவிடுவார்கள் என்றார். பாதுகாப்பே இல்லாத ஆறுகள் நிறைய இருக்கின்றன, கேட்பதை அவற்றுக்குக் கேட்போம் என்றும் சொன்னார்.

அது தவறான வாதம் என்று இன்றைக்கும் நான் நினைக்கவில்லை. அதைப் பொருத்திய இடம்தான் தவறு. பொருத்தியது நான்.

கணினியில் அதைச் செய்யும் முறை எளிமையானது. காடுகள் ஒரு படலமாக, பச்சையில் இருக்கும். ஆறுகள் இன்னொரு படலமாக, நீலக் கோடுகளாக இருக்கும். ஒன்றின் மேல் ஒன்றை வைத்து மென்பொருளிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். கேள்வியை இரண்டு விதமாகக் கேட்கலாம். இந்தக் கோடு பச்சைக்கு உள்ளே இருக்கிறதா? அல்லது, இந்தக் கோடு பச்சையைத் தொடுகிறதா? நான் இரண்டாவதைக் கேட்டேன். அது விரைவாக முடியும். பெரும்பாலான ஆறுகளுக்கு இரண்டுக்கும் ஒரே பதில்தான் வரும். எங்கள் ஆற்றுக்கு ‘ஆம்’ என்று வந்தது.

சந்தேகம் வந்திருந்தால் பெரிதாக்கிப் பார்த்திருப்பேன். வரவில்லை. திரையில் பெயர்கூட இல்லாத ஒரு நீலக் கோடாக எங்கள் ஆற்றைப் பார்த்ததில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. அந்த அறையில் யாருக்கும் தெரியாத இடம் எனக்குத் தெரியும் என்கிற சந்தோஷம். அதோடு கட்டத்தில் அடையாளமிட்டு அடுத்த ஆற்றுக்குப் போனேன். அன்றைக்கு என் பட்டியலில் பத்தொன்பது ஆறுகள் இருந்தன. மாலைக்குள் பத்தொன்பதையும் முடித்தேன்.

அடுத்த விடுமுறையில் சித்தியின் அடுப்படியில் உட்கார்ந்து அதைச் சொன்னேன். மனு தயாராக இருந்தது. திங்கட்கிழமை தபாலில் போட வேண்டும் என்று பிஸ்கட் டின்னில் வைத்திருந்தார்.

“அப்ப இது வேணாமா?”

“வேணாம் சித்தி. அது கவர்மென்ட்டு காடு. அதுக்குள்ள ஓடுற தண்ணியும் அதோட சேந்ததுதான். மரத்துல கைய வெச்சாலே புடிச்சிக்கிட்டுப் போறாங்க, ஆத்துல அணை கட்ட விடுவாங்களா?”

“வெறகு பொறுக்கப் போனதுக்கே அந்த காட்டு பீட் ஒஃபிசர் என்னா ஏச்சு ஏசினாரு.”

“அதான் சொல்றேன்.”

சித்தி அடுப்புக்குள் விறகைத் தள்ளினார். “இத அனுப்பினா தோட்டத்து தொரைக்கும் கோவந்தான் வரும். நம்மள கேக்காம யாரு பெட்டிசன் எழுதினதுன்னு யூனியன் தலைவரும் குதிப்பாரு.” பிறகு என் பக்கம் திரும்பினார். “நீ படத்துல பாத்தியா?”

“பாத்தேன் சித்தி.”

“சரி, அப்ப விடு” என்று டின்னை மூடினார். மறுநாள் காலை, வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில், கையெழுத்துப் போட்ட எல்லோரிடமும், “அக்கா மக பாத்துட்டா, ஆறு காட்டோட சேந்ததாம், பயப்பட ஒண்ணுமில்ல” என்று சொல்லியிருக்கிறார். பலருக்கு அது நிம்மதியாக இருந்திருக்கும். மனுவில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தோட்டத்தில் வேலை செய்வது லேசான காரியம் அல்ல.

அடுத்த வருடம் ஆற்றோரப் பாறைகளில் சிவப்புப் பெயின்ட் அடையாளங்கள் வந்தன. சித்தி தொலைபேசியில் சொன்னபோது, “யாராவது காட்டு எல்லைய அளந்திருப்பாங்க” என்றேன். இருந்தாலும் அந்த வாரமே லீவு போட்டு வனத் திணைக்களத்தின் பீட் அலுவலகத்துக்குப் போனேன். சித்தியை ஏசிய அதே அதிகாரிதான் அங்கே இருந்தார். நேரில் பார்த்தால் ஏசுகிற முகமாக இல்லை. நான் விஷயத்தைச் சொன்னதும் தலையை ஆட்டினார்.

“ஓயா அபே நெவெய், நங்கி” என்றார். ஆறு எங்களுடையது இல்லை, தங்கச்சி.

காட்டை அறிவித்த அரச வர்த்தமானிப் பிரதியை எடுத்து மேசையில் விரித்து, காட்டின் எல்லைகள் எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்தார். மேற்கே: ஓயாவின் இடது கரை. மேலே, ஆறு பிறக்கும் பகுதியில் இரண்டு கரையும் காடுதான். கீழே, அருவி இருக்கும் இடத்தில், ஒரு பக்கம் காடு, மறுபக்கம் தேயிலை. அங்கே காடு இடது கரையில் முடிந்துவிடுகிறது. “அது தோட்டத்து ஆறு என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறோம்” என்றார்.

அங்கிருந்து தோட்டத்து அலுவலகத்துக்கு நடந்தேன். கிளார்க் பழைய வரைபடத்தைக் காட்டினார். தோட்டத்தின் கிழக்கு எல்லை: ஆற்றின் வலது கரை. “அது காட்டு ஆறு இல்லையா?” என்று அவர் என்னைக் கேட்டார்.

காட்டுக்காரர்கள் தோட்டத்து ஆறு என்றார்கள். தோட்டத்துக்காரர்கள் காட்டு ஆறு என்றார்கள். இரண்டு கரைக்கும் நடுவில் இருந்த தண்ணீரும் பாறையும் வெறும் அரச காணி. விண்ணப்பித்தால் குத்தகைக்குக் கிடைக்கும்.

இந்த இடத்தைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். மென்பொருளில் தவறான கேள்வியைத் தேர்ந்தது பயிற்சிக் குறைவு. அதை எந்த ஊர்க்காரரும் செய்யலாம். ஆனால் பெரிதாக்கிப் பார்க்காமல் விட்டதற்குக் காரணம் வேறு. நான் லயத்தில் பிறந்தவள். நாங்கள் படுக்கிற அறை தோட்டத்துடையது. வாசலில் போட்ட கறிவேப்பிலைச் செடி நிற்கிற மண்ணும் தோட்டத்துடையது. அதைத் தாண்டினால் அரசாங்கத்துக் காடு. கால் வைக்கிற ஒவ்வோர் அடியும் வேறு யாருடையதோ என்பது எங்களுக்குப் பேசத் தொடங்குவதற்கு முன்பே தெரிந்துவிடும். ஆகவே, யாருடையதும் இல்லாத ஒரு துண்டு நிலம் இருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எங்களுடையது இல்லை என்றால் அதற்கு ஒரு சொந்தக்காரர் இருப்பார், அவர் பார்த்துக்கொள்வார். இப்படித்தான் அந்தக் கட்டத்தில் அடையாளமிட்டேன்.

பீட் அதிகாரி இன்னொன்றும் சொன்னார். நான் எழுந்தபோது, பதில் எதிர்பார்க்காத குரலில் கேட்டார். “மேலே காட்டுக்குள்ளேயே யாராவது ஒரு மரத்தை வெட்டினால் பிடிக்க எனக்குச் சட்டம் இருக்கிறது. தண்ணீரைக் குறைத்தால் நான் எதை வைத்துப் பிடிப்பது?” காட்டுச் சட்டம் நிற்கிறவற்றுக்காக எழுதப்பட்டது. ஓடுகிற ஒன்றில் எவ்வளவு மிஞ்ச வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை. ஆறு முழுக்கவே பச்சைக்குள் இருந்திருந்தாலும் என் ‘தேவையில்லை’ அரைகுறைதான். அதுவும் அந்த மேசையில்தான் எனக்குப் புரிந்தது.

குறைகிற வரி இங்கே வர வேண்டும். ஆறாவது வரிக்கு முன்னால், ஐந்தாவதுக்குப் பின்னால்.

அணை கட்டுவதற்கு முன் பொதுமக்களின் கருத்துக் கேட்டு ஓர் அறிவித்தல் ஒட்டப்பட்டது. பிரதேச செயலகத்தில், சிங்களத்திலும் தமிழிலும். நான் அதைப் படித்தேன். அப்போது எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. சித்தியின் டின்னில் முப்பத்தெட்டுக் கையெழுத்து இருந்ததும் தெரியும். ஒரு போன் போதும். ஆனால் அந்த மனு போனால், நான் நிரப்பிய படிவத்தையும் எடுத்துப் பார்ப்பார்கள். கீழே என் சுருக்கொப்பம் இருக்கும். அப்போது எனக்கு வேலை நிரந்தரமாகியிருக்கவில்லை. சித்தி மறுபடியும் அழைத்தபோது, “பாக்குறேன் சித்தி, விசாரிச்சிக்கிட்டு இருக்கேன்” என்றேன். அறிவித்தலின் கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமை. அன்று நான் என் மேசையில் வேறொரு வரைபடத்துக்கு நிறம் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அணை பெரியது இல்லை. ஓர் ஆள் உயரம். அருவிக்கு மேலே தண்ணீரைத் தடுத்துக் குழாயில் அனுப்பி, பாலத்துக்குக் கீழே மின் நிலையத்தில் விழவைத்து மறுபடி ஆற்றில் விடுகிறார்கள். தண்ணீர் காணாமல் போவதில்லை. அருவி, குளிப்புக் குழி, எங்கள் குழாய் இருக்கிற துண்டைத் தாண்டிப் போய்விடுகிறது, அவ்வளவுதான். அணையின் அடியில் ஒரு துவாரம் எப்போதும் திறந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இலையும் மணலும் சேர்ந்தால் அது அடைத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. தண்ணீர் அணையின் மேலாகவே வழிந்து வந்தது. மாசி மாதம் வெயில் ஏறியபோது பீலியில் முதலில் காற்று வந்தது, பிறகு அதுவும் வரவில்லை. சித்தி ஸ்பேனரோடு டேங்கி மேல் ஏறி உள்ளே பார்த்தாராம். மேல் லயத்துப் பெண்கள் பாலத்துக்குக் கீழே போய்க் குடத்தில் தூக்கி வந்தார்கள். இறங்க இருபது நிமிடம், ஏற முக்கால் மணி.

அந்த வருடத் திருவிழாவுக்கு நான் லீவு எடுத்து வந்தேன். அம்மன் கோவில் திருவிழாவில் கரகம் பாலிப்பது ஆற்றங்கரையில்தான். குளிப்புக் குழியில் தண்ணீர் மொண்டு, பூ வைத்துக் கட்டி, அங்கிருந்து தப்பு மேளத்தோடு லயத்துக்குக் கொண்டுவர வேண்டும். குழியில் கணுக்காலுக்குத்தான் தண்ணீர் இருந்தது, அதுவும் பாசி. கோவில் கமிட்டித் தலைவரும் சித்தியும் மின் நிலையத்துக்குப் போய்ப் பேசினார்கள். நானும் கூடப் போனேன். அங்கே கடமையில் இருந்தவர் எம்பிலிப்பிட்டியப் பக்கத்து இளைஞர். உண்மையிலேயே உதவி செய்ய நினைத்தார். ஒரு கடிதம் கொடுத்தால் ஒரு மணித்தியாலம் அணைக் கதவைத் திறந்துவிடுவதாகச் சொன்னார்.

“கீயட்டத ஓனே?” என்று பேனாவை எடுத்தார். எத்தனை மணிக்கு வேண்டும்?

தலைவர் சித்தியைப் பார்த்தார். சித்தி, “நாலு மணிக்கு” என்றார், சிங்களத்தில், முகத்தில் ஒன்றும் இல்லாமல். வெளியே வந்ததும் என்னிடம், “பஸ்ஸுக்கு சீட்டுப் போடுற மாதிரி இருக்கு” என்றார்.

நாலு மணிக்குக் கரகக்காரரும், தப்படிப்பவர்களும், மஞ்சள் சேலைகளுமாக எல்லோரும் காய்ந்த பாறைகளில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தோம். தப்பு அடிக்கலாமா வேண்டாமா என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

“வருதா?”

“போன் பண்ணிப் பாருங்க தலைவரே.”

“தொறந்துட்டாராம், தொறந்துட்டாராம்!”

“யோவ், நெருப்பு மிதிக்கக்கூட இவ்வளவு நேரம் நின்னதில்ல.”

எல்லோரும் சிரித்தார்கள். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், பழக்கம். பதினொரு நிமிடம் கழித்துத் தண்ணீர் வந்தது. முதலில் சருகு, பிறகு பழுப்பு நுரை, பிறகு தண்ணீர். குழி நிறைந்தது. பிள்ளைகள் கத்தினார்கள், தப்பு எழுந்தது, குலவைச் சத்தம் கேட்டது. கரகக்காரர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார். சித்தி இறங்கவில்லை. கரையில் என் பக்கத்தில் நின்றார்.

“ஆத்த தொறந்து விடுறாங்க பாரு” என்றார். “வால்வு என் இடுப்புல இருந்துச்சு. இப்ப அந்தத் தம்பி இடுப்புல இருக்கு.”

ஐந்து மணிக்குத் தண்ணீர் இறங்கத் தொடங்கியது. கடைசியாக நின்ற பெண்கள் சேலை முந்தானையைப் பிழிந்துகொண்டிருந்தபோதே பாறைகள் தெரிந்தன. அப்போதுதான் சித்தியிடம் சொன்னேன். தொடுகிறதா, உள்ளே இருக்கிறதா என்பதையும் சொன்னேன். இடது கரையையும் சொன்னேன். அறிவித்தலைப் படித்துவிட்டுப் பேசாமல் இருந்ததையும் சொன்னேன். மனதில் வரிசைப்படுத்தி வைத்திருந்ததால் சீக்கிரம் முடிந்துவிட்டது.

சித்தி ஏசவில்லை. “அன்னைக்கே சொல்லியிருந்தா?” என்று மட்டும் கேட்டார்.

“மனு போயிருக்கும் சித்தி. அணை நின்னிருக்குமான்னு தெரியாது. போயிருக்கும்.”

அவர் நடக்கத் தொடங்கினார்.

மறுநாள் காலை டின்னைத் திறந்து பார்த்தோம். மனு ஈரத்தில் ஒட்டிப்போய், கையெழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று ஊறியிருந்தன. டவுனுக்குப் போனோம். நானா கணினியில் தேடி எடுத்தார். “நான் எதையும் அழிக்கிறல்ல. எல்லாம் ஈக்குது. தேதிய மட்டும் மாத்தணும்” என்றவர், சித்தியின் முகத்தைப் பார்த்துவிட்டு, “இந்தத் தடவ கொஞ்சம் சூடா எழுதட்டுமா?” என்று கேட்டார்.

“வேணாம் நானா. நடந்தத நடந்த மாதிரி எழுதுங்க.”

கையெழுத்துகளை மறுபடி வாங்க வேண்டியிருந்தது. நான் சித்தியிடம், நீங்கள் போய் வாங்குங்கள், நான் இணைப்பு வரைபடத்தைத் தயாரிக்கிறேன் என்றேன். சித்தி என் கையில் மனுவைக் கொடுத்தார்.

“பயப்பட ஒண்ணுமில்லன்னு நீ சொன்னத நான் வீடு வீடா சொன்னேன். இப்ப நீயே வா. நீயே சொல்லு.”

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நடந்தோம். ஒவ்வொரு கதவிலும் ஒரே வாக்கியம். ‘போன தடவை நான் தப்பாகப் பார்த்துச் சொல்லிவிட்டேன், அந்த இடம் காட்டோடு சேர்ந்தது இல்லை.’ சிலர் உட்காரச் சொன்னார்கள். ஒருத்தி பிளேன்டீ கொடுத்துவிட்டுக் கையெழுத்துப் போட மறுத்தாள். “அப்ப வேணாம்னீங்க, இப்ப வேணும்ங்கிறீங்க. நாளைக்கு என்னா சொல்வீங்களோ.” தொழிற்சாலையில் வேலை செய்யும் ஓர் அண்ணன் கேட்டார்:

“கொம்பியூட்டர் பொய் சொல்லுமா?”

“சொல்லல அண்ணே. நான் கேட்ட கேள்விதான் தப்பு.”

அவர் யோசித்துவிட்டு, “அப்ப கேள்விக்கும் படிக்கணும்போல” என்று பேனாவை வாங்கினார். யாரும் என்னைக் கேவலமாகப் பேசவில்லை. பேசியிருந்தால் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். மூன்று குடும்பம் கொழும்புக்குப் போயிருந்தது, ஒருவர் இறந்துவிட்டார், இன்னும் சிலர் போட மறுத்தார்கள். இருபத்தாறு கையெழுத்து.

திங்கட்கிழமை அலுவலகத்தில் சேரிடம் திருத்தக் கடிதத்தைக் கொடுத்தேன். அவர் இரண்டு தடவை வாசித்துவிட்டு, “நான் உங்களிடம் ஒரு தடவையாவது எல்லையைப் பார்த்தீர்களா என்று கேட்டிருக்க வேண்டும்” என்றார். பிறகு தன் கையெழுத்தையும் அதில் போட்டார்.

மேலதிகப் பிரகடனம் தேவையா என்று இன்று கேட்டால் தேவை என்பேன். அது வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதால் அல்ல. சேர் பயந்ததுபோல் இரண்டு காவல்காரர்களும் தூங்கலாம். ஆனால் ஆற்றுக்கென்று ஒரு பிரகடனம் எழுதுகிறவர் ஆறு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று எழுதியாக வேண்டும். இரண்டு கரையையும் எழுதியாக வேண்டும். அதற்கு யாராவது ஒருவர் ஒரு தடவையாவது அங்கே வந்து நிற்க வேண்டும். எங்கள் ஆற்றுக்கு அப்படி யாரும் வந்து நிற்கவில்லை. அங்கேயே பிறந்த நான்கூட நிற்காமல்தான் எழுதினேன்.

இப்போதைய நிலை இது. அணை இருக்கிறது, இருக்கும். மனு ஃபைலுக்குப் போய்விட்டது. என் படிவமும் திருத்தக் கடிதமும் அதே ஃபைலில் இருக்கின்றன. நான் அதே அலுவலகத்தில் வேலை செய்கிறேன். கேள்வியை இரண்டு விதமாகவும் கேட்டுப் பார்க்கிறேன். மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஊருக்குப் போய், அணையின் துவாரத்தில் இலை இருந்தால் அந்த எம்பிலிப்பிட்டிய இளைஞருக்குப் போன் செய்கிறேன், எடுத்துவிடுகிறார். பிறகு பீலியில் இருபது லீற்றர் கேனை வைத்து, அது நிரம்புகிற நேரத்தைக் கொப்பியில் எழுதுகிறேன். சித்தி கேனைப் பிடித்துக்கொள்கிறார். போன சனிக்கிழமை ஆறு நிமிடம் நாற்பது வினாடி.

மனுவுக்கு ஒரு பதில் வந்திருக்கிறது. பரிசீலிப்பதற்கு, அணை கட்டுவதற்கு முந்தைய நீரோட்ட அளவுகளை இணைத்து அனுப்பும்படி கேட்டிருக்கிறார்கள். அப்படி எதுவும் எங்களிடம் இல்லை. பீலி நன்றாக ஓடிய நாட்களில் ஒரு கேன் நிரம்ப எவ்வளவு நேரம் எடுத்தது என்று, அளக்கப் படித்த நான் உட்பட, யாரும் அளந்து வைக்கவில்லை.